இர்மி கூர் தீட்டச் சொன்ன கட்டைகள்

ஆல்டன்மோஸ் சந்தைத் திடலில் 'சிவப்பு எருது' என்று ஒரு விடுதி இருக்கிறது. அங்கே பன்றி வறுவலும் பீரும் எப்படி என்று யாரைக் கேட்டாலும் சப்புக்கொட்டுவார்கள். விடுதிக்காரி இர்மி எப்படி என்று கேட்டால் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பீர் நல்லா இருக்கும்" என்பார்கள்.

உள்ளே வருகிறவனை எங்கே உட்கார வைப்பது என்பதில் இர்மியின் மொத்தக் குணமும் தெரிந்துவிடும். சட்டையைப் பார்க்க மாட்டாள், காரைப் பார்க்க மாட்டாள். எந்த ஊர் என்று கேட்பாள். ஜெர்மனியில், பவேரியாவின் இந்த மூலையில் ஊருக்கு ஊர் தராதரம் உண்டு. வயலுக்கு நடுவே ஒன்றிரண்டு வீடு மட்டும் நின்றால் அது தனிவீடு. அதற்கும் பெயர் உண்டு, வரைபடத்தில் புள்ளி உண்டு, மரியாதைதான் கிடையாது. இன்னும் நாலைந்து வீடு சேர்ந்தால் குக்கிராமம். தேவாலயமும் மணியும் வந்துவிட்டால் கிராமம். அதற்கு மேலே சந்தையூர், எல்லாவற்றுக்கும் மேலே நகரம். மேலே இருக்கிற இந்த இரண்டும் மேலிடம் பார்த்துக் கொடுக்கிற பட்டம், தானாக வந்து சேராது. ஆல்டன்மோஸுக்குச் சந்தையூர்ப் பட்டம் கிடைத்து அறுநூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்றைக்கு அங்கே சந்தை என்று கூடுவது வெள்ளிக்கிழமை வரும் பாலாடைக்கட்டி வண்டி ஒன்றும் கோழி வறுக்கிற வண்டி ஒன்றும்தான். அதை இர்மி காதுபடச் சொன்னவனுக்கு அன்றைக்குச் சூப்பு ஆறித்தான் வரும்.

ஆக, நகரத்து ஆள் வந்தால் ஜன்னலோர மேசை, வெள்ளை விரிப்பு. உள்ளூர்ச் சந்தையூர்க்காரர்களுக்கு நடுவில் வட்ட மேசை. கிராமத்தார் அடுப்போரம். தனிவீட்டுக்காரர்கள் கதவோரம். பனிக்காலத்தில் கதவு திறக்கும்போதெல்லாம் குளிர்காற்று நேரே அங்கேதான் வந்து அடிக்கும்.

கதவோரத்தில் சின்ன வயதில் அதிகம் உட்கார்ந்தவள் புர்கி. மோசர் தனிவீட்டுப் பெண். ஒரு வீடு, ஒரு கொட்டகை, சில மாடு, சுற்றிலும் சதுப்பு. பள்ளிக்கூடத்துக்கு ஆல்டன்மோஸ் வந்தாக வேண்டும். வந்தவள் இர்மியின் பக்கத்தில் உட்கார்ந்தாள், சிநேகிதியானாள். மத்தியானத்தில் இர்மியின் அப்பா நடத்திய இதே விடுதியில் இரண்டு பேரும் சூப்பு குடிப்பார்கள். இர்மி வட்ட மேசையில், புர்கி கதவோரத்தில். இர்மிக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. உலகம் அப்படித்தான் போட்டு வைக்கப்பட்டிருக்கிறது என்று நினைத்தாள்.

அப்புறம் க்விரின் வந்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் எர்லன்டோர்ஃப் கிராமத்துப் பையன். டோர்ஃப் என்றாலே கிராமம்தான், பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. நல்ல உயரம், சிரித்தால் ஒரு பக்கம் மட்டும் குழி விழும். மே மாத நடனத்தில் அவன் இர்மியோடு மட்டும்தான் ஆடினான். அவளும் வேறு எவன் கையையும் பிடிக்கவில்லை. நடனம் முடிந்து திடலில் நின்றபோது, "என்னைக் கட்டிக்கிறியா?" என்று கேட்டான். இர்மிக்கு உள்ளே எல்லாம் "சரி சரி" என்றது. வாய் மட்டும், "சந்தையூர்ல பொறந்தவ நான். கிராமத்துல போயி சாக மாட்டேன்" என்றது. க்விரின் அதே வருஷம் அறுவடை முடிந்ததும் புர்கியைக் கட்டிக்கொண்டான்.

இர்மி சந்தையூருக்குள்ளேயே பிளாசியைக் கட்டிக்கொண்டாள். பிளாசி தச்சன் மகன். பத்து வார்த்தைக்கு ஒரு வார்த்தை பதில் சொல்வான், அதுவும் 'ம்' என்றுதான் இருக்கும். விடுதியில் பீப்பாய் உருட்டுவது, கொட்டகையில் மரம் இழைப்பது, ஊர்த் தீயணைப்புப் படைக்குத் தலைவனாக இருப்பது என்று அவன் பாட்டுக்கு இருந்தான். நல்லவன். அதைக் கவனிக்க இர்மிக்குத்தான் நேரம் இல்லை, அவள் கண்ணெல்லாம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

புர்கி வீட்டுக்குப் புதுக் கூரை போட்டாளா, இர்மிக்கு வயிறு எரியும். புர்கி மகன் என்ஜினீயர் ஆனானா, இர்மிக்குச் சாப்பாடு இறங்காது. கார் உதிரிபாகம் செய்கிற ஒரு தொழிற்சாலை முதலில் ஆல்டன்மோஸில்தான் இடம் கேட்டது. ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று, "அறுநூறு வருஷச் சந்தையூர்ல புகைக்குழாயா?" என்று கத்தியவள் இர்மியேதான். எல்லோரும் கை தட்டினார்கள். தொழிற்சாலைக்காரர்கள் மரியாதையாகத் தொப்பியை எடுத்துக்கொண்டு ஆற்றைத் தாண்டி எர்லன்டோர்ஃப் போனார்கள். அப்புறம் என்ன, அங்கே ரயில் நின்றது, மேல்நிலைப் பள்ளி வந்தது, நீச்சல்குளம் வந்தது, ஆட்கள் வந்து குவிந்தார்கள். க்விரின் மேயரானான். ஆல்டன்மோஸில் வறுத்த கோழி வண்டி வந்தது.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு செவ்வாய்க்கிழமை பீர் வண்டி ஓட்டுகிற விக்கெர்ல் பீப்பாயை இறக்கிக்கொண்டே சொன்னான். "அக்கா, சேதி தெரியுமா? எர்லன்டோர்ஃபுக்கு நகரப் பட்டம் குடுத்துட்டாங்க."

இர்மி குவளை துடைத்துக்கொண்டிருந்தாள். "எந்த எர்லன்டோர்ஃப்?"

"எத்தனை எர்லன்டோர்ஃப் இருக்கு? ஆத்துக்கு அந்தாண்ட இருக்கறதுதான். ஜூலையில விழா. மந்திரி வர்றாராம்."

"கிராமத்த எப்படிய்யா நேரா நகரமாக்குவான்? நடுவுல சந்தையூருன்னு ஒரு படி இருக்கில்ல? அதைத் தாண்டி குதிக்க இவங்க என்ன வெள்ளாடா?"

"குடுத்துட்டாங்கக்கா. இப்பல்லாம் குடுக்கறாங்க."

"பேருலயே கிராமம்னு இருக்கு! நகரம் எர்லன் கிராமம்னு போர்டு வைப்பானுங்களா? ஊரு சிரிக்காது?"

விக்கெர்ல் பீப்பாயின் மேல் சாய்ந்து நின்றான். "அவ்வளவு பெரிய டுசல்டோர்ஃப் நகரம், அது பேருலயும் கிராமம்தான் இருக்கு. யாரு சிரிக்கறா?"

இர்மி துணியைக் குவளைக்குள் திணித்துத் திருகினாள், குவளை கையிலேயே உடைந்தது. பிளாசி வந்து கண்ணாடியைப் பொறுக்கினான், அவள் விரலில் கட்டுப் போட்டான், 'ம்' என்றான்.

அவளுக்கு நகரம் சந்தையூர் எல்லாம் இரண்டாம் பட்சம். புர்கியை நினைத்துத்தான் மனசு ஆறவில்லை. தனிவீட்டில் பிறந்தவள், கிராமத்துக்கு வாழ்க்கைப்பட்டவள், இப்போது தன் வீட்டுச் சமையலறையை விட்டு ஓரடி நகராமல் நகரத்துக்காரி ஆகிவிட்டாள். இனி அவள் 'சிவப்பு எருது'க்குள் வந்தால் ஜன்னலோர மேசையில் வெள்ளை விரிப்புப் போட்டு உட்கார வைக்க வேண்டும். இர்மி போட்ட சட்டம் இர்மியையே வந்து குத்துகிறது.

"அற்பனுக்கு வாழ்வு வந்தா அர்த்த ராத்திரியில குடை பிடிப்பானாம்" என்றாள் பிளாசியிடம். "பாரு, இனிமே புர்கி குடையோடதான் தூங்குவா."

"ஆனைக்கு ஒரு காலம் வந்தா பூனைக்கும் ஒரு காலம் வராதா இர்மி?"

அன்றைக்குப் பிளாசி பேசியது அவ்வளவுதான். அதற்கே அவனுக்கு இரவுச் சாப்பாட்டில் இறைச்சி குறைந்தது.

இர்மியைக் காப்பாற்ற ஒரே ஒரு வழி இருந்தது. எர்லன்டோர்ஃப் தீயணைப்புப் படைக்கு அதே ஜூலையில், பல வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற ஆண்டு நிறைவு விழா. நகர விழாவையும் அதையும் ஒன்றாக வைத்துவிட்டார்கள். படை விழா என்றால், குழந்தையின் ஞானஸ்நானத்தில் ஞானத்தாய் நிற்கிற மாதிரி, இன்னொரு ஊர்ப் படை பக்கத்தில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் விழாவே இல்லை. எர்லன்டோர்ஃப் படைக்கு ஆரம்ப நாளிலிருந்து ஞானத்தாய் ஆல்டன்மோஸ் படைதான். ஞானத்தாயைச் சும்மா கூப்பிட முடியாது. வாத்தியம் முழங்க வந்து, முக்கோணமாகப் பிளந்த விறகுக்கட்டைகளை வரிசையாகப் போட்டு, மேலே நிற்கிற கூர்முனையில் மண்டியிட்டுக் கேட்க வேண்டும். கூப்பிடப்படுகிறவர்கள் லேசில் இறங்கி வர மாட்டார்கள். கேள்வி கேட்பார்கள், பாடச் சொல்வார்கள், கிண்டல் அடிப்பார்கள், பீரை ஊற்றி ஊற்றிக் கொடுப்பார்கள். கடைசியில் அந்தப் படை சார்பில் நாற்காலியில் உட்காருகிற பெண்மணி "சரி" என்று சொன்ன பிறகுதான் கட்டையை விட்டு எழுந்திருக்கலாம். எல்லாம் விளையாட்டு. முழங்கால் வலி மட்டும் நிஜம். கேட்க வருகிற கூட்டத்துக்கு முன்னால் மண்டியிடுவது விழாத்தாய் என்று அவர்கள் தேர்ந்தெடுக்கிற பெண்மணி. இந்தத் தடவை விழாத்தாய் மேயர் பெண்டாட்டி புர்கி. சரி சொல்ல வேண்டியவள் படைத் தலைவன் பெண்டாட்டி இர்மி.

இர்மிக்கு இழந்த உயிர் திரும்பி வந்தது. புர்கியைத் தன் காலடியில் மண்டியிட்டு ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அதைப் பார்த்துவிட்டால் அவர்கள் நகரமாகட்டும், ராஜ்ஜியமாகட்டும், நமக்கென்ன என்று இருந்துவிடலாம்.

"பிளாசி, கட்டை நம்மளே போடுறோம்."

"கேக்க வர்றவங்கதானே கொண்டு வருவாங்க?"

"அவங்க மொட்டையா இழைச்சு கொண்டு வருவாங்க. பீச் மரத்துல நல்லதாப் பாத்து பிள. முனை சும்மா கத்தி கணக்கா இருக்கணும். நடுக்கட்டைய இன்னும் நல்லாத் தீட்டு, அது புர்கிக்கு."

"அவளுக்குப் பனிக்காலத்துல மூட்டு ஆபரேஷன் ஆச்சு. உனக்குத் தெரியும்ல?"

"ஒரு முட்டியிலதானே? இன்னொண்ணு நல்லாத்தானே இருக்கு!"

பிளாசி 'ம்' கூடச் சொல்லவில்லை. கொட்டகைக்குப் போய் மரம் பிளந்தான். தச்சன் மகன், சொன்ன வேலையைச் சுத்தமாகச் செய்தான். நடுக்கட்டையின் முனையில் இர்மி விரலை வைத்துப் பார்த்துவிட்டு வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். ரொம்பத் திருப்தி அவளுக்கு.

சனிக்கிழமை மத்தியானம் வந்தார்கள். முன்னால் வாத்தியக் குழு, பின்னால் சீருடையில் படை, ஒரு தள்ளுவண்டியில் பீர்ப் பீப்பாயும் சாசேஜ் மாலையும். புர்கி நீலப் பாவாடையும் வெள்ளிப் பொத்தான் வைத்த மேல்கச்சையும் போட்டுக்கொண்டு முன்னால் வந்தாள். லேசாக நொண்டினாள். பக்கத்தில் க்விரின். தலை வெளுத்திருந்தது, சிரித்தான், அதே ஒரு பக்கம் குழி விழுந்தது. ஆல்டன்மோஸே விடுதிக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. சந்தையூரில் இப்படிக் கூட்டம் சேர்ந்து ரொம்ப நாளாயிற்று.

"அடிப் பாவி, கட்டையெல்லாம் ரெடியா வச்சிருக்கியே!" என்று புர்கி வாய்விட்டுச் சிரித்தாள். "நாங்க கொண்டாந்தது வண்டியிலயே கெடக்கு."

"எங்க வீட்டுக்கு வந்தா எங்க கட்டைதான்" என்றாள் இர்மி. "நடுவுல உனக்கு."

எல்லோரும் வரிசையாக மண்டியிட்டார்கள். ஆண்கள் 'ஐயோ அம்மா' என்று வேண்டுமென்றே கத்தினார்கள், கூட்டம் சிரித்தது. புர்கி நடுக்கட்டையில் முட்டியை வைத்தபோது முகம் ஒரு நொடி கோணியது. உடனே சிரிப்பை எடுத்து ஒட்டவைத்துக்கொண்டாள். எழுதிக் கொண்டுவந்த பாட்டைப் பாடி, "ஆல்டன்மோஸ் தாயே, எங்களுக்கு ஞானத்தாயா நிக்கணும்" என்று கேட்டாள்.

இர்மி நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். "கிராமத்துக்குன்னா நிப்போம். நகரத்துக்கு நாங்க எதுக்கு? நாங்க வெறும் சந்தையூர்."

"வெறும் சந்தையூரா? அறுநூறு வருஷ சந்தையூரு!" என்று க்விரின் கத்தினான். ஆல்டன்மோஸ்காரர்கள் மேசையைத் தட்டினார்கள்.

"பெரிய ஊரு எது? எங்களுதா உங்களுதா?"

"உங்களுது! உங்களுது!" மண்டியிட்டிருந்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில்.

"புர்கி, நீ எங்க பொறந்த? சத்தமாச் சொல்லு."

"மோசர் தனிவீட்டுல. ஒரு வீடு, மாட்டுக் கொட்டகை, நாயி ஒண்ணு. நாயையும் சேத்தா அன்னிக்கு ஜனத்தொகை எட்டு!" கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. புர்கியும் சிரித்தாள். அவளுக்கு அதைச் சொல்ல எந்தக் கூச்சமும் இல்லை. அதுதான் இர்மியை இன்னும் சீண்டியது.

"இந்த விடுதியில உன் இடம் எது?"

"கதவுகிட்ட. நல்லா காத்து வரும்."

இப்போது சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. வழக்கப்படி இந்த இடத்தில் ஞானத்தாய் "சரி" சொல்லிவிட வேண்டும், வாத்தியம் முழங்க வேண்டும். இர்மி சொல்லவில்லை. தன் குவளையை எடுத்து ஒரு வாய் குடித்தாள். கீழே வைத்தாள். நுரையைத் துடைத்தாள். மறுபடி எடுத்தாள். ஊதுகொம்பை வாயில் வைத்துத் தயாராக இருந்தவன் அதைக் கீழே இறக்கிவிட்டான். பின்னால் யாரோ, "என்ன, விளையாட்டு மாதிரியே தெரியலையே" என்றார்கள். பிளாசி அவள் தோளுக்குப் பக்கத்தில் குனிந்து, "போதும் இர்மி" என்றான்.

"நான் இன்னும் சரின்னு சொல்லல" என்றாள் இர்மி.

புர்கியின் மேலுதடு வேர்த்திருந்தது. சிரிப்பு இன்னும் இருந்தது, ஆனால் கண்ணில் இல்லை. அப்போது க்விரின், யாரையும் பார்க்காமல், எதுவும் பேசாமல், தன் வலது கையைக் கொண்டுபோய்ப் பெண்டாட்டியின் முட்டிக்கும் கட்டைக்கும் நடுவே நுழைத்தான். ஆபரேஷன் ஆன முட்டி. உள்ளங்கையை மேல் பார்க்க வைத்தான். கூர்முனை அவன் புறங்கையில் பதிந்தது. புர்கி அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை, தன் கனத்தை மட்டும் கொஞ்சம் அவன் கையில் இறக்கினாள். இருவருக்கும் அது புதுசில்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

இர்மி அந்தக் கையைப் பார்த்தாள். அதுவரை இருந்த எரிச்சலெல்லாம் ஒன்றுமே இல்லை என்கிற மாதிரி ஒரு எரிச்சல் அடிவயிற்றிலிருந்து கிளம்பி வந்தது. கூரை, என்ஜினீயர் மகன், நீச்சல்குளம், நகரப் பட்டம் எல்லாவற்றையும் புர்கியே வைத்துக்கொள்ளட்டும். அந்தக் கை என்னுடையதாக இருந்திருக்க வேண்டியது. திடலில் நின்று கேட்டபோது நான்தான் வேண்டாம் என்றேன். இத்தனை வருஷம் ஊரைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, பைத்தியக்காரி.

"சரி" என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. "சரின்னுதான் சொல்றேன், எந்திரிங்க எல்லாரும்!" என்று கத்தினாள். வாத்தியம் முழங்கியது.

ஜன்னலோர மேசையில் வெள்ளை விரிப்புப் போட்டிருந்தது. புர்கி நொண்டிக்கொண்டே நேராகக் கதவோரம் போய் உட்கார்ந்தாள்.

"அங்க இல்லடி, உனக்கு ஜன்னல்கிட்ட" என்றாள் இர்மி.

"பரவால்லடி. எனக்கு இதுதான் பழக்கம்." புர்கி அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் இர்மி பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள்.

எல்லோரும் போன பிறகு சமையலறையில் பாத்திரம் கழுவும்போது இர்மி கேட்டாள். "ஏன்யா, அந்த மாதிரி என் முட்டிக்குக் கீழ நீ கை வைப்பியா?"

பிளாசி தட்டைத் துடைத்து அடுக்கினான். யோசித்தான். "நீ என்னிக்கு எங்க மண்டி போட்ட, நான் கை வைக்க?"

ஜூலையில் விழா நடந்தது. இர்மி ஞானத்தாயாக மேடையேறி எர்லன்டோர்ஃப் கொடியில் பட்டு நாடா கட்டினாள், மந்திரி பக்கத்தில் நின்று கை தட்டினார். ஊர் எல்லையில் 'நகரம் எர்லன்டோர்ஃப்' என்று புது மஞ்சள் பலகை வந்தது. அந்தப் பலகையைப் பார்க்கப் பிடிக்காமல், எர்லன்டோர்ஃபுக்கு அப்பால் இருக்கிற பல் டாக்டரிடம் போவதற்கு இர்மி ஒரு வருஷமாகக் காட்டைச் சுற்றிக்கொண்டு காரோட்டினாள். பெட்ரோல் செலவைப் பற்றிப் பிளாசி ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த வசந்தத்தில் ஆல்டன்மோஸ் படையின் பழைய கொடியைப் பெட்டியிலிருந்து எடுத்து விரித்தபோது அதில் பூச்சி அரித்து வானம் தெரிந்தது. புதுக்கொடி செய்ய வேண்டும். புதுக்கொடியைப் பாதிரியார் மந்திரிக்கும்போது ஞானத்தாய்ப் படை பக்கத்தில் நின்றே ஆக வேண்டும்.

"வேற ஊரைக் கேளுங்க" என்றாள் இர்மி.

"நம்ம அவங்களுக்கு நின்னோம். இப்ப அவங்க நமக்கு நிக்கணும். அதுதான் முறை" என்றான் பிளாசி. "இல்லன்னா கொடிய மந்திரிக்காமலே தூக்கிட்டுப் போகணும்."

அவன் பேசி முடிக்கவும் போன் அடித்தது. க்விரின். தள்ளி நின்ற இர்மிக்கே கேட்டது அவன் சிரிப்பு. "பிளாசி, கேக்க வரும்போது கட்டை மறந்துடாதீங்க. போன வருஷம் போட்டீங்களே, அதே கட்டை. புர்கி ஸ்பெஷலாச் சொல்லச் சொன்னா!"

இர்மிக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. கத்தி மாதிரி வேண்டும் என்று கேட்டு வாங்கிய கட்டை. இந்தத் தடவை ஆல்டன்மோஸுக்கு விழாத்தாய் இர்மி, அதில் தான்தான் மண்டியிட வேண்டும்; எர்லன்டோர்ஃப் சார்பில் கேள்வி கேட்கிறவளும் புர்கி, சரி சொல்கிறவளும் புர்கி. போன வருஷம் குவளையை எடுத்து வைத்து எடுத்து வைத்து ஓட்டிய நேரத்தை வட்டியோடு வாங்காமல் விடுவாளா? இர்மியாக இருந்தால் விட மாட்டாள். பிளாசி என்னவோ சாயங்காலமானால் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். ஆறுதலாக ஒரு வார்த்தை கிடையாது. க்விரினாக இருந்தால் இப்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பான் என்று நினைத்து நினைத்து அவளுக்குக் கண்ணில் தண்ணீரே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பஸ் பிடித்துப் போனார்கள். காட்டைச் சுற்ற முடியாது, பஸ் நேராக மஞ்சள் பலகையைத் தாண்டித்தான் போனது. இர்மி கண்ணை மூடிக்கொண்டாள். புது நகர மன்றத்தின் கூடத்தில் எர்லன்டோர்ஃப் முழுக்கக் காத்திருந்தது. முன்னால் நாற்காலியில் புர்கி. அவள் முகத்தில் ஒரு சிரிப்பு.

பிளாசி கட்டைகளை வரிசையாக வைத்தான். "நடுவுல இருக்கறதுல மண்டி போடு" என்று இர்மியின் காதில் சொன்னான்.

"அதுதான்யா இருக்கறதுலயே கூர்! பழி வாங்கறியா?"

"போடு."

இர்மி பல்லைக் கடித்துக்கொண்டு முட்டியை வைத்தாள். வலிக்கவில்லை. இன்னொரு முட்டியையும் வைத்தாள். அதுவும் வலிக்கவில்லை. கட்டையே அவளைப் பிடித்துக்கொண்ட மாதிரி இரண்டு முட்டியும் உள்ளே போய்ப் பொருந்தி உட்கார்ந்தன. குனிந்து பார்க்கலாம் என்றால் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பிளாசியைப் பார்த்தாள். அவன் பக்கத்துக் கட்டையில், கூர் அப்படியே இருக்கிற கட்டையில், மண்டியிட்டுக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இர்மி பாட்டைப் பாடினாள், கேட்க வேண்டியதைக் கேட்டாள். புர்கி எதிர்பார்த்த மாதிரியே சாய்ந்துகொண்டாள்.

"ஆல்டன்மோஸ் சந்தையில என்னென்ன விக்குது?"

"பாலாடைக்கட்டி. வறுத்த கோழி" என்றாள் இர்மி. "வேற ஒரு மண்ணும் இல்ல." கூடம் அதிர்ந்தது. இர்மி வாயால் இதைக் கேட்க ஆல்டன்மோஸ்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்திருந்தார்கள்.

"போன வருஷம் சரி சொல்ல ஏண்டி அவ்வளவு நேரம்?"

"பொறாமை."

புர்கி நாற்காலியில் நிமிர்ந்தாள்.

"எது மேல? எங்க ஊரு மேலயா?"

"ஊரு மேலதான்னு நானும் நெனச்சிட்டிருந்தேன்" என்றாள் இர்மி. அதற்கு மேல் சொல்லவில்லை. புர்கி அவளையே பார்த்தாள். அப்புறம் ஒரு தடவை புருஷன் பக்கம் பார்த்தாள், மறுபடி இர்மியைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்திலிருந்தே புர்கி சூட்டிகை. புரிந்துகொண்டாள், ஆனால் விடவில்லை. குவளையை எடுத்து ஒரு வாய் குடித்தாள். கீழே வைத்தாள். நுரையைத் துடைத்தாள். கூடம் விசிலடித்தது. நேரம் போயிற்று. பிளாசி நெற்றியில் வேர்த்து வழிந்தது. இர்மி மட்டும் மெத்தையில் உட்கார்ந்த மாதிரி இருந்தாள்.

புர்கியின் கண் சுருங்கியது. "எந்திரிடி. கட்டையக் காட்டு."

"ஏன், நீ இன்னும் சரி சொல்லலையே?"

"எந்திரின்னா!"

இர்மி எழுந்தாள். புர்கி நாற்காலியை விட்டு வந்து கட்டையைத் தூக்கித் திருப்பினாள். கத்தி மாதிரி இருந்த முனை முழுக்க உருட்டி இழைக்கப்பட்டிருந்தது. அதில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு குழி, முட்டி அளவுக்கு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேன்மெழுகு பூசி வழவழ என்று. இடது குழி வலதைவிடக் கொஞ்சம் ஆழம். இர்மிக்கு இடது முட்டி கொஞ்சம் பெரியது. இந்தத் தகவல் உலகத்தில் யாருக்கும் தெரியாது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏமாத்து வேலை! ஏமாத்து வேலை!" என்று கூடம் கூச்சல் போட்டது. "ஒரு பீப்பாய் அபராதம்!"

"ரெண்டு தர்றேன்" என்றான் பிளாசி, இன்னும் மண்டியிட்டபடியே.

புர்கி கூச்சலைக் கவனிக்கவில்லை. கட்டைவிரலை ஒரு குழிக்குள் விட்டுத் தடவிக்கொண்டே நின்றாள். இர்மிக்குக் கிட்டே வந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். "எங்காளு வலிச்சப்புறம் கை வைப்பான்டி. எப்பவுமே வலிச்சப்புறம்தான். உங்காளு வலிக்கறதுக்கு முன்னாடியே உக்காந்து செதுக்கியிருக்கான்."

அவள் பார்த்த பார்வை இர்மிக்கு நன்றாகத் தெரியும். ஆற்றுக்கு அந்தப் பக்கத்தைப் பார்த்து நாற்பது வருஷமாக அவளே பார்த்த பார்வை. அது புர்கியின் கண்ணில் இருப்பதைப் பார்க்க எவ்வளவு இனிப்பாக இருந்தது என்று வெளியே சொன்னால் பாவம். இர்மி சொல்லவில்லை, அனுபவித்தாள்.

"சரி!" என்று புர்கி கூடத்தைப் பார்த்துக் கத்தினாள். "நிக்கிறோம்!" வாத்தியம் முழங்கியது. பிளாசி எழுந்திருக்க முடியாமல் இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள். கால்சட்டையில் முட்டிக்கு நேரே இரத்தம் கசிந்திருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் இர்மி ஜன்னலோரம் உட்கார்ந்தாள், பிளாசி பக்கத்தில். மஞ்சள் பலகை தாண்டிப் போனது, அவள் பார்க்கவே இல்லை. மடியில் கட்டை இருந்தது.

"வேலை முடிஞ்சுதே" என்றான் பிளாசி. "வீட்டுக்குப் போயி அதை அடுப்புல போட்டுடலாமா?"

"தொட்டுப் பாரு" என்றாள் இர்மி, "கையை ஒடிச்சிடுவேன்."